அருவியும் புனமும்: பூட்டான் நாட்டுப் பொருளாதாரத்தில் வேளாண்மையும் தொழிலும்

முன்னுரை

குறிஞ்சித் திணையைக் கற்கும் மாணாக்கர் இரண்டு காட்சிகளைத் திரும்பத் திரும்பக் காண்பர். ஒன்று, மலையுச்சியினின்று இறங்கும் அருவி. மற்றொன்று, மலைச்சரிவில் விளைந்து நிற்கும் தினைப்புனமும் அதனைப் பரண்மீதிருந்து காக்கும் மக்களும். அருவியும் புனமும் சேர்ந்ததே மலைவாழ்வு என்பது நம் முன்னோர் கண்ட முடிபு. மலையாலேயே அமைந்த ஒரு சிறு நாட்டின் பொருளாதாரத்தை ஆராயப் புகும்போதும் இவ்விரு காட்சிகள் நமக்குத் துணையாகின்றன. கிழக்கிமயத்தில், இந்தியாவுக்கும் திபெத்துக்கும் இடையே அமைந்த பூட்டானே அந்நாடு. அங்கே அருவி மின்சாரமாகி அரசுக்குப் பணம் தருகிறது. புனம் மக்களுக்குப் பிழைப்புத் தருகிறது. அருவியின் செல்வம் புனத்தைச் சென்றடைகின்றதா என்பதே நாம் எழுப்பும் வினா. இதற்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் மக்களும்

பூட்டானின் பரப்பு 38,394 சதுர கிலோமீட்டர். இது கேரள மாநிலத்தின் பரப்பினும் சற்றே குறைவு. கேரளத்தில் மூன்று கோடிக்கும் மேற்பட்டோர் வாழ்கின்றனர். பூட்டானிலோ 2017ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 7,27,145 பேரே வாழ்ந்தனர். ஏன் இத்துணை வேறுபாடு? நிலத்தின் அமைப்பே காரணம். தெற்கெல்லையில் நிலம் கடல்மட்டத்துக்கு ஏறத்தாழ 100 மீட்டர் உயரத்தில் தொடங்குகிறது. வடக்கே கங்கர் புயென்சம் சிகரம் 7,570 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு 170 கிலோமீட்டர் அளவே. எனவே நாடு முழுவதும் ஒரு செங்குத்தான ஏணிபோல் அமைந்துவிட்டது.

இத்தகைய நிலத்தில் ஏர் பிடிக்கத்தக்க இடம் மிகவும் அரிது. நாட்டின் பரப்பில் நூற்றுக்கு மூன்று பங்குகூட விளைநிலமாக இல்லை. காடோ நூற்றுக்கு எழுபது பங்கை ஒட்டிப் பரந்துள்ளது. 2008ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம், நாட்டின் நிலத்தில் அறுபது விழுக்காடு என்றென்றும் காடாகவே இருத்தல் வேண்டும் என விதித்துள்ளது. ஆகவே, காட்டை அழித்துக் கழனியைப் பெருக்கும் வழி அந்நாட்டுக்கு இல்லை. இருக்கும் சிறு நிலத்தைக் கொண்டே உணவும் வேண்டும், வருவாயும் வேண்டும்.

சாலைக்கு முன்னும் பின்னும்

1958ஆம் ஆண்டில் இந்தியப் பிரதமர் நேரு பூட்டானுக்குச் சென்றார். அந்நாளில் இந்திய எல்லையிலிருந்து அந்நாட்டின் உட்பகுதிக்கு மோட்டார் செல்லும் சாலை இல்லை. ஆதலின் அவர் சிக்கிமைக் கடந்து, திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கின் வழியே மலைப்பாதையில் பயணம் செய்து பாரோவை அடைந்தார். ஒரு நாட்டின் விருந்தினர் வேறொரு நாட்டைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்த நிலை அது.

அக்காலப் பொருளாதாரம் பெரும்பாலும் பண்டமாற்றே. உயர்மலையில் யாக் எருமை மேய்ப்போர் வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் கொணர்ந்து தருவர். பள்ளத்தாக்கின் உழவர் நெல்லும் மிளகாயும் ஈவர். வரியும் பொருளாகவும் உழைப்பாகவுமே செலுத்தப்பட்டது. மூன்றாம் மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக் 1952இல் அரியணை ஏறினார். அவர் பண்ணையடிமை முறையை ஒழித்து, ஒரு குடும்பம் 25 ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருத்தல் கூடாதென வரம்பு கட்டினார். இதனால், இன்று அங்கே பெருநிலக்கிழார் இல்லை. சிறுநிலம் உடைய உழவரே பெரும்பான்மையோர்.

1961இல் முதல் ஐந்தாண்டுத் திட்டம் தொடங்கியது. அதற்கான செலவை இந்தியா ஏற்றுக்கொண்டது. அத்திட்டத்தில் சாலைக்கே முதலிடம் தரப்பட்டது. எல்லை நகராகிய புயென்சோலிங்கையும் தலைநகராகிய திம்புவையும் இணைக்கும் சாலையை இந்தியாவின் எல்லைச் சாலை அமைப்பு 1962இல் முடித்தது. கோவேறு கழுதையுடன் ஆறு நாள் நடந்த வழி ஒருநாட் பயணமாகச் சுருங்கியது. அச்சாலைக்குப் பின்னரே விளைபொருள் சந்தைப்பொருளாகியது. ஆலைக்கு எந்திரம் வந்தது. பூட்டானின் வேளாண்மையும் தொழிலும் ஒரே சாலையிற் பிறந்தவை எனில் மிகையாகாது.

உயரத்துக்கேற்ற விளைச்சல்

பூட்டானில் என்ன விளையும் என்பதை நிலத்தின் உயரமே முடிவு செய்கிறது. தெற்கின் தாழ்ந்த குன்றுகளில் ஆரஞ்சும் பாக்கும் விளைகின்றன. அவற்றின் ஈரமான சரிவுகளில், மரநிழலில் பெரிய ஏலக்காய் வளர்கிறது. ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்திலுள்ள புனாக்கா, வாங்டூ பள்ளத்தாக்குகளில் நெல் செழிக்கிறது. 2,200 மீட்டர் உயரத்திலுள்ள பாரோவில் சிவப்பரிசி விளைகிறது. கிழக்கே மக்காச்சோளம் முதன்மை பெறுகிறது. குளிர்மிக்க பும்தாங்கில் மரக்கோதுமை எனப்படும் பக்வீட்டே பழைய உணவு. அதற்கும் மேலே யாக் மேய்ச்சல் அன்றி வேறொன்றும் இல்லை.

இந்நாட்டின் உருளைக்கிழங்கு வரலாறு சுவையானது. 1774இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் அனுப்பிய ஜார்ஜ் போகிள் என்பார், தாம் தங்கிய இடந்தோறும் உருளைக்கிழங்கை நட்டுச் சென்றார். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, 1970களுக்குப் பின்னர், அக்கிழங்கே போப்ஜிக்கா, பும்தாங் போன்ற குளிர்ந்த பள்ளத்தாக்குகளின் பணப்பயிராயிற்று. காரணம் எளிது. வட இந்தியச் சமவெளியில் உருளைக்கிழங்கு குளிர்காலத்தின் இறுதியில் அறுவடையாகிறது. பூட்டானின் கிழங்கோ மழைக்காலத்திலும் அதன் பின்னரும் சந்தைக்கு வருகிறது. சமவெளியிற் புதுக்கிழங்கு கிடைக்காத அம்மாதங்களில் புயென்சோலிங் ஏலக்கூடத்தில் மலைக்கிழங்குக்கு நல்ல விலை கிடைக்கிறது. பருவ வேறுபாட்டையே மூலதனமாக்கிய உழவரின் நுண்ணறிவு போற்றத்தக்கது. ஆரஞ்சும் ஆப்பிளும் வங்காளதேசத்துக்குச் செல்கின்றன.

வேளாண்மையைச் சீர்செய்தோருள் ஜப்பானியராகிய கெய்ஜி நிஷியோக்கா தலைசிறந்தவர். 1964இல் கொழும்புத் திட்டத்தின்கீழ் வந்த அவர், 1992இல் பூட்டானிலேயே உயிர்நீத்தார். வரிசை நடவையும் புதிய காய்கறி விதைகளையும் பாரோவில் பரப்பினார். காட்டை எரித்து விதைத்து வந்த பன்பாங் மக்களுக்கு நிலையான நெல்வயல் அமைக்கக் கற்பித்தார். அவர் பெரும் எந்திரங்களைக் கொண்டுவரவில்லை; உழவர் தாமே பழுதுநீக்கக்கூடிய கருவிகளையும் தாமே வெட்டக்கூடிய வாய்க்கால்களையும் நம்பினார். 1980இல் மன்னர் அவருக்கு ‘டாஷோ’ என்னும் உயர்பட்டத்தை அளித்தார்.

ஆயினும் அந்நாட்டின் நெல் அந்நாட்டுக்குப் போதவில்லை. உண்ணும் அரிசியில் பாதியளவு இந்தியாவிலிருந்தே வருகிறது. 1980களின் தொடக்கத்தில் நாட்டு உற்பத்தி மதிப்பில் பாதிக்கும் மேல் வேளாண்மையினின்று வந்தது. இன்று அப்பங்கு ஏழில் ஒன்று என்னும் அளவுக்குச் சுருங்கிவிட்டது. எனினும் உழைக்கும் மக்களுள் பத்தில் நால்வர் இன்னும் நிலத்தையே நம்பியுள்ளனர். பத்தில் நால்வர் சேர்ந்து ஏழில் ஒரு பங்கை ஈட்டுகின்றனர் என்றால், மண்ணில் உழைப்போரின் வருவாய் எவ்வளவு மெலிந்தது என்பதைச் சொல்லவேண்டுவதில்லை.

ஆறும் ஆலையும்

இனித் தொழிலை நோக்குவோம். இமயப் பனியும் பருவமழையும் ஊட்டும் ஆறுகள் குறுகிய தொலைவில் பெருவீழ்ச்சியுடன் இறங்குகின்றன. இவ்வீழ்ச்சியே பூட்டானின் நிலக்கரி. இதுவே அதன் எண்ணெய்க் கிணறு. 1974இல் இந்தியாவுடன் செய்த உடன்பாட்டின்படி வாங்சூ ஆற்றில் சூக்கா நீர்மின் நிலையம் எழுந்தது. 336 மெகாவாட் ஆற்றலுடைய இந்நிலையம் 1986க்கும் 1988க்கும் இடையே இயங்கத் தொடங்கியது. அதன் செலவில் அறுபது விழுக்காட்டை இந்தியா நன்கொடையாகவும், நாற்பது விழுக்காட்டை ஐந்து விழுக்காட்டு வட்டியில் கடனாகவும் தந்தது. பின்னர் அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் 1,020 மெகாவாட் தாலா நிலையம் 2006-07இல் அமைந்தது. 2019இல் 720 மெகாவாட் மாங்டேசூ நிலையம் அதனைத் தொடர்ந்தது.

மலிவான மின்சாரம் ஆலைகளை ஈர்த்தது. புயென்சோலிங்குக்கு அருகிலுள்ள பசாக்காவில் கால்சியம் கார்பைடு, பெர்ரோசிலிக்கான் ஆகியவற்றை உருக்கும் மின்னுலைகள் தோன்றின. எஃகு ஆலைகளுக்குத் தேவையான பெர்ரோசிலிக்கான், இந்தியாவுக்குச் செல்லும் ஏற்றுமதிப் பொருள்களுள் முன்வரிசையில் நிற்கிறது. கோம்டுவில் சுண்ணாம்புக்கல்லைக் கொண்டு சிமெண்ட் ஆலை நடக்கிறது. டோலமைட்டும் ஜிப்சமும் வெட்டியெடுக்கப்படுகின்றன. அண்மைக் காலத்தில் அரசின் முதலீட்டு நிறுவனம், உபரி மின்சாரத்தைக் கொண்டு கணினிகளால் பிட்காயின் ஈட்டும் தொழிலிலும் இறங்கியுள்ளது.

இத்தொழில்களின் பயனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. மின்சார வருவாயின் துணையாலேயே பூட்டான் தன் மக்களுக்குக் கட்டணமில்லாப் பள்ளிக் கல்வியும் மருத்துவமும் தர இயன்றது. 2023 டிசம்பரில் அந்நாடு உலகின் மிகப் பின்தங்கிய நாடுகளின் பட்டியலிலிருந்து விடுபட்டது. சாலையே இல்லாதிருந்த ஒரு நாடு அறுபதாண்டுகளில் அடைந்த இவ்வேற்றம் அரியது.

ஆயினும் இத்தொழில்கள் யாவற்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு. அவை பெரும்பொருளை ஈட்டும். ஆனால் சிலருக்கே வேலை தரும். அணை கட்டும்போது ஆயிரக்கணக்கானோர் தேவை; அவருள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர். கட்டி முடிந்தபின் சுழலியை இயக்கச் சில நூறு பேர் போதும். உருக்குலையும் கணினிக்கூடமும் அத்தகையனவே. பள்ளி முடித்து ஊரைவிட்டு வரும் இளைஞருக்கு அங்கே இடமில்லை.

ஆற்றுநீர் கீழே, வயல்நீர் மேலே

இப்போது நம் வினாவின் நடுப்பகுதிக்கு வருகின்றோம். இவ்வளவு நீர்வளம் உள்ள நாட்டில் உழவர் நீரின்றி வருந்துகின்றனர் என்றால் நம்புதல் அரிது. உண்மை அதுவே. பேராறுகள் ஆழ்ந்த பள்ளங்களில் ஓடுகின்றன. வயல்களோ பெரும்பாலும் அப்பள்ளங்களுக்கு மேலே, சரிவுகளில், படிப்படியாக அமைந்துள்ளன. ஆற்றுநீர் மேலேறாது. எனவே வயல்கள் பக்கத்து ஓடைகளையும் ஊற்றுகளையும் மலைச்சரிவில் வெட்டிய சிறு வாய்க்கால்களையுமே நம்புகின்றன. ஓடை வற்றினால் நடவு இல்லை. கண்ணெதிரே கீழே ஆறு முழங்கிக்கொண்டிருக்க, மேலே நாற்று கருகும் கொடுமையை அங்கே காணலாம்.

நீர்ப்பங்கீட்டிலும் பழைய வழக்கங்கள் நிலைத்துள்ளன. லிங்முத்தே சூ என்னும் சிற்றாற்றின் மேல்மடை ஊராகிய லிம்புக்கா தன் நடவை நடத்திய பின்னரே, குறித்த நாளில், கீழேயுள்ள டொம்போலாவுக்கு நீர் விடுவது வழக்கம். கடைமடை உழவரின் ஏக்கம் நம் காவிரிப் படுகைக்கு மட்டும் உரியதன்று என்பது இதனாற் புலனாகும்.

ஆக, ஒரே நாட்டில் நீர் இரு வேறாகப் பிரிந்துவிட்டது. கீழே ஓடும் நீருக்குப் பல்லாயிரங்கோடி முதலீடு உண்டு; மேலே கசியும் நீருக்கு ஊராரின் மண்வெட்டியே துணை. அருவியின் செல்வம் புனத்தை அடையவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

காவலும் கைவிடலும்

புனத்தின் இடர் நீரோடு முடிவதில்லை. காடு காக்கப்படுவதால் காட்டு விலங்குகளும் பெருகின. காட்டுப்பன்றி உருளைக்கிழங்கையும் மக்காச்சோளத்தையும் கிளறி அழிக்கிறது. குரங்கு பழத்தோட்டத்தில் புகுகிறது. தெற்கே யானை வருகிறது. விளையும் பருவத்தில் உழவர் இரவெல்லாம் குடிசையில் விழித்திருந்து கூவியும் தகரம் தட்டியும் காவல் காக்கின்றனர். இலக்கியத்தில் நாம் சுவைத்துப் படிக்கும் புனங்காவல் அவர்களுக்கு உறக்கமற்ற உழைப்பு. பூட்டானின் மேற்கிலும் நடுப்பகுதியிலும் நிலம் பெரும்பாலும் மகளுக்கே மரபுரிமையாக வருகிறது. ஆடவர் நகருக்குச் சென்றபின் உழவும் காவலும் பெண்களின் தோளிலேயே சுமத்தப்படுகின்றன.

இதன் விளைவு யாது? கிழக்கு மாவட்டங்களில் பூட்டிய வீடுகள் பெருகிவிட்டன. ஆளில்லா வீட்டை அம்மக்கள் ‘குங்டோங்’ என அழைக்கின்றனர். ஒரு வீடு வெறுமையானால் அதன் வயல் புதராகும்; புதரில் பன்றி தங்கும்; பன்றி அடுத்த வீட்டு வயலை அழிக்கும்; அவ்வீட்டாரும் வெளியேறுவர். தரிசு தரிசை ஈனும் இக்கொடுஞ்சுழலை எந்தப் புள்ளிவிவரமும் முழுமையாக உணர்த்தாது. 2022க்குப் பின்னர் இளைஞர் பெருந்தொகையாக ஆஸ்திரேலியாவுக்குச் சென்றதும் இதன் தொடர்ச்சியே.

தெற்கின் நிலை வேறொரு துயரம். 1990களின் தொடக்கத்தில் குடியுரிமைச் சிக்கலால், நேபாளமொழி பேசும் மக்களுள் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறி நேபாள முகாம்களில் தங்க நேர்ந்தது. அவருட் பெரும்பாலோர் பின்னர் அமெரிக்கா முதலிய நாடுகளிற் குடியமர்ந்தனர். ஆரஞ்சையும் ஏலக்காயையும் வளர்த்த கைகள் அவை. பொருளாதாரம் பேசுவோர் இதனை மறைத்துப் பேசுதல் நேர்மையாகாது.

கடனும் கையிருப்பும்

தொழில்துறையின் வலிமையிலும் விரிசல்கள் உள்ளன. சூக்காவுக்கு நன்கொடை அறுபது, கடன் நாற்பது என்றிருந்த விகிதம், மாங்டேசூவில் நன்கொடை முப்பது, கடன் எழுபது எனத் தலைகீழாயிற்று. வட்டியும் பத்து விழுக்காடாயிற்று. புனாட்சாங்சூ முதல் திட்டம் 2008இல் தொடங்கியது. 2013இல் அணை அமையும் இடத்தில் மலைச்சரிவு பெயர்ந்ததால் அப்பணி பல்லாண்டு தடைப்பட்டு, செலவு முதல் மதிப்பீட்டைப்போல் இருமடங்குக்கும் மேலாயிற்று. நாட்டின் வெளிக்கடன் சில ஆண்டுகளில் அதன் ஓராண்டு உற்பத்தி மதிப்பையும் விஞ்சியது. அதிற் பெரும்பகுதி மின்திட்டக் கடனே.

ஆறு எப்போதும் ஒரே அளவில் ஓடுவதுமில்லை. கோடையில் மின்சாரம் விற்கும் பூட்டான், குளிர்காலத்தில் ஆறு மெலியும்போது இந்தியாவிடமே மின்சாரம் வாங்குகிறது. மலையின் சீற்றமும் உண்டு. 1994 அக்டோபரில் லுக்கே என்னும் பனியாற்று ஏரி உடைந்தபோது வெள்ளம் புனாக்காவரை பாய்ந்து உயிர்களையும் வயல்களையும் கொண்டுசென்றது.

2012இல் மற்றொரு பாடம் கிடைத்தது. பூட்டானின் நாணயமாகிய நுல்ட்ரம் இந்திய ரூபாயோடு சரிசமமாகப் பிணைக்கப்பட்டது. எரிபொருள், எந்திரம், அரிசி, காய்கறி எனப் பெரும்பாலானவை இந்தியாவிலிருந்தே வருவதால் ரூபாய்க் கையிருப்பு கரைந்தது. அவ்வாண்டு அரசு மோட்டார் வாகன இறக்குமதியையே நிறுத்த நேர்ந்தது. மின்சாரம் விற்ற பணம் அரிசியாகவும் காய்கறியாகவும் எல்லைக்கு அப்பால் திரும்பிப் போவதை அந்நாள் உணர்த்தியது. வயல் விளைந்திருந்தால் அப்பணத்தில் ஒரு பகுதியேனும் உள்ளேயே தங்கியிருக்கும் அன்றோ!

இணைக்கும் வழிகள்

வேளாண்மையா, தொழிலா என்று கேட்பது பிழையான வினா. இரண்டையும் இணைப்பது எவ்வாறு என்பதே கேட்கத்தக்கது. சில வழிகள் அங்கே ஏற்கெனவே முளைவிட்டுள்ளன.

முதலாவது மின்வேலி. குறைந்த மின்னோட்டத்தால் விலங்கைக் கொல்லாது விரட்டும் வேலி, இரவுக் காவலை உழவரின் தோளிலிருந்து இறக்குகிறது. நாட்டின் ஏறத்தாழ எல்லா வீடுகளுக்கும் மின்னிணைப்பு வந்துவிட்டதால் இது இயலுவதாயிற்று. அருவி புனத்தைக் காக்கும் முதற்காட்சி இதுவே எனலாம்.

இரண்டாவது நீரேற்றம். பள்ளத்தில் ஓடும் நீரை மலிவான மின்சாரத்தாற் படிவயலுக்கு ஏற்றுதல் எல்லா இடத்தும் இயலாது. உயரம் மிகுந்தால் செலவும் மிகும். ஆயினும் தாழ்ந்த படிகளில் இயலும். உயர்ந்த படிகளுக்கு ஊற்றுப் பாதுகாப்பும், குழாய்வழி வாய்க்காலும் வேண்டும்.

மூன்றாவது பதப்படுத்தும் தொழில். பெர்ரோசிலிக்கான் உலைக்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு சிறு பகுதி போதும், பள்ளத்தாக்குதோறும் குளிர்பதனக் கிடங்குகளும் பழச்சாறு ஆலைகளும் நடத்த. அறுவடை நாளிலேயே வந்த விலைக்கு விற்கவேண்டிய நெருக்கடி அப்போது நீங்கும். ஊரைவிட்டுப் போகாமலேயே இளைஞருக்கு வேலையும் கிடைக்கும். அரை நூற்றாண்டுக்கு முன்னரே சுவிட்சர்லாந்து நாட்டாரின் துணையுடன் பும்தாங்கில் தொடங்கிய பாலாடைக் கட்டித் தொழில், இவ்வழி மலைநாட்டுக்கு ஒத்ததே என்பதற்குச் சான்று பகர்கிறது.

முடிவுரை

மொத்த உற்பத்தியைவிட மக்களின் மகிழ்ச்சியே பெரிது என்று உலகுக்குக் கூறிய நாடு பூட்டான். அம்மொழிக்கு உரைகல் தலைநகரில் இல்லை. பூட்டிய வீட்டுக்கு அடுத்த வீட்டில், விளக்கேற்றித் தனியே காவலிருக்கும் ஒரு முதியவளின் வயலில் இருக்கிறது. அவள் வீட்டில் மின்விளக்கு எரிகிறது. அது தொழில் தந்த கொடை. அவள் வயலில் நீர் பாயவும், விளைவு வீடு வந்து சேரவும், பிள்ளைகள் திரும்பி வரவும் அதே தொழில் துணைநிற்குமாயின், அந்நாட்டின் வளர்ச்சி முழுமையுறும்.

பொருளாதாரம் பயிலும் மாணாக்கர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. ஒரு நாட்டின் வருவாய் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் கேட்டல் போதாது. அந்நாட்டு மக்கள் எங்கே நின்று உழைக்கின்றனர் என்றும் கேட்டல் வேண்டும். இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றாக அமையும் நாளே வளம் உண்மையாகும் நாள். அருவியையும் புனத்தையும் ஒருசேரக் கண்ட நம் முன்னோரின் பார்வை அதற்கு இன்றும் வழிகாட்டும்.